காரின் பின்பக்கக் கண்ணாடிக்கு எந்த டின்ட், எவ்வளவு கறுப்பு?

கொழும்புக்குப் பக்கத்தில், தெஹிவளையில், கார்க் கண்ணாடிகளுக்கு டின்ட், அதாவது வெயிலைக் குறைக்கும் மெல்லிய ஃபிலிம், ஒட்டுவது என் தொழில். கடைக்கு வருகிறவர்களில் அதிகம் பேர் சொல்வது ஒன்றுதான்: "நல்லாக் கறுப்பா ஒட்டித் தாங்கோ அண்ணா, பின்னால பிள்ளைகள் இருக்கிறது, வெயில் தாங்கேலாது." வெயில் உண்மை, பிள்ளைகள் படும் பாடும் உண்மை. ஆனால் கறுப்பு வேறு, சூடு வேறு. இது விளங்காமல் ஒட்டினால் காசும் போகும், பின்னால் பார்க்கிற பார்வையும் போகும், சூடு மட்டும் காருக்குள்ளேயே இருக்கும்.

வெயிலில் மூன்று சங்கதிகள் வருகின்றன. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர், புற ஊதாக் கதிர். சூட்டில் ஏறக்குறையப் பாதி அந்த அகச்சிவப்பில்தான் இருக்கிறது. சாயம் போட்ட மலிவான ஃபிலிம் வெளிச்சத்தைக் குறைக்கும்; அகச்சிவப்பைப் பெரும்பாலும் உள்ளே விட்டுவிடும். போதாததற்குத் தானும் சூடேறி, கறுப்புக் குடைத் துணி மாதிரி, உள்ளே இருப்பவர் பக்கம் அந்தச் சூட்டை விடும். செரமிக் ஃபிலிம், அதாவது நுண்ணிய பீங்கான் துகள் கலந்த ஃபிலிம், வேறு வகை. பார்ப்பதற்குக் கண்ணாடி போலவே தெளிவாக இருந்தாலும் அகச்சிவப்பை நன்றாகத் தடுக்கும். இதனால்தான் கறுப்பான மலிவு ஃபிலிம் ஒட்டிய காரைவிட, வெளிறிய செரமிக் ஒட்டிய கார் குளிர்ச்சியாக இருக்கும்.

புற ஊதாவைப் பொறுத்தவரை கவலை குறைவு. நல்ல ஃபிலிம் எதுவானாலும், எவ்வளவு வெளிறியதானாலும், 99 சதவீதம் தடுத்துவிடும். முன் கண்ணாடி இரண்டு தகட்டுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்துச் செய்தது, அதனால் அதுவே புற ஊதாவை நிறையத் தடுக்கும். சாதாரணப் பக்கக் கண்ணாடியில் அந்தப் பாதுகாப்பு அவ்வளவு இல்லை. பின் சீட்டில் குழந்தை இருந்தால் டின்ட் ஒட்டுவதற்கு இது ஒரு நல்ல காரணம். அதற்குக் கறுப்புத் தேவையில்லை.

வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று முதலில் பாருங்கள்

எல்லாக் கண்ணாடிக்கும் ஒரே மாதிரி ஒட்டச் சொல்லும் முன்பு, உங்கள் கார் தினமும் எந்தத் திசையில் போய் வருகிறது என்று யோசியுங்கள். வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசைப் பக்கம் குடியிருந்து கொழும்புக் கோட்டைக்கு வேலைக்குப் போகிறவர் காலையில் வடக்கே போகிறார். கிழக்கு வெயில் அவருக்கு வலப்பக்கம். மாலையில் தெற்கே திரும்பி வரும்போது மெரைன் டிரைவில் கடல் வலப்பக்கம், சாயும் வெயிலும் அதே பக்கம். ஆக, நாள் முழுக்க அடி வாங்குவது சாரதிக்குப் பின்னால் இருக்கும் கதவுக் கண்ணாடி. வடக்கே வத்தளைப் பக்கமிருந்து நகரத்துக்கு வருகிறவருக்கு இது அப்படியே தலைகீழ்: காலையும் மாலையும் இடப்பக்கம். கிழக்கே மாலபே, பத்தரமுல்லை, ராஜகிரியவிலிருந்து நகரத்துக்கு வருகிறவருக்கு இரண்டு வேளையும் வெயில் முதுகுப் பக்கம். அங்கே சூடேறுவது டிக்கிப் பக்கத்துப் பெரிய கண்ணாடி.

இதைச் சொன்னதும் வெள்ளவத்தைத் தாய் ஒருவர் குழந்தை சீட்டை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு மாற்றிக்கொண்டார். ஃபிலிம் ஒட்டுவதற்கு முன்பே பாதிப் பிரச்சினை தீர்ந்தது. எனக்கு வியாபாரம் குறைந்தாலும் இதை எல்லோருக்கும் சொல்கிறேன், பிள்ளையின் தோலில் வெயில் படாமல் இருப்பதுதான் முக்கியம்.

கம்பனிக் கறுப்பா, ஒட்டிய கறுப்பா?

இங்கே ஓடும் ஜப்பான் கார்களில் நிறையக் கார்களுக்குப் பின் கதவுக் கண்ணாடிகளும் டிக்கிக் கண்ணாடியும் வரும்போதே கறுப்பு. ஜப்பானில் முன் கண்ணாடிக்கும் முன் கதவுக் கண்ணாடிகளுக்கும் 70 சதவீத வெளிச்சம் போக வேண்டும் என்பது சட்டம், பின்பக்கத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அதனால் கண்ணாடியை உருக்கும்போதே நிறம் சேர்த்துவிடுகிறார்கள்.

உங்கள் காரில் இருப்பது எது என்று பார்ப்பது சுலபம். பின் ஷட்டரை, அதாவது பின் கதவுக் கண்ணாடியை, பாதி இறக்கி அதன் மேல் விளிம்பைப் பாருங்கள். ஃபிலிம் என்றால் விளிம்புக்குச் சற்றுக் கீழே ஒரு மெல்லிய கோடு தெரியும். நகத்தை மேலிருந்து கீழே இழுத்தால் அந்த இடத்தில் தட்டும். கம்பனிக் கண்ணாடி என்றால் கோடே இருக்காது, கண்ணாடியின் தடிமன் முழுவதும் நிறம் ஓடியிருக்கும்.

ஏன் இது முக்கியம்? டின்ட் பெட்டியில் வி.எல்.டி. என்று ஒரு எண் இருக்கும். நூற்றில் எத்தனை பங்கு வெளிச்சம் உள்ளே வரும் என்பது அது. 35 என்ற ஃபிலிமைச் சாதாரணக் கண்ணாடியில் ஒட்டினால் 35 கிடைக்காது. கண்ணாடியே 75 பங்குதான் விடுகிறது என்றால் இரண்டையும் பெருக்கி 26. அதே ஃபிலிமைக் கம்பனிக் கறுப்பில், அது 20 பங்கு விடும் கண்ணாடி என்று வையுங்கள், ஒட்டினால் கிடைப்பது வெறும் 7. இரவில் அது சுவர். கம்பனிக் கறுப்பு இருக்கிறவர்கள் மேலும் கறுப்பு ஒட்டவே கூடாது. அவர்களுக்கு 70 அளவிலான வெளிறிய செரமிக் போதும். பெருக்கினால் 14 வரும், பார்வையில் பெரிய மாற்றம் தெரியாது, சூடு குறைவது தெரியும். கம்பனிக் கறுப்பு கண்ணுக்குத்தான் இருட்டு, சூட்டை நாம் நினைக்கிற அளவுக்கு அது தடுப்பதில்லை.

சாதாரணக் கண்ணாடி உள்ளவர்கள் பின் கதவுகளுக்கு 50 அல்லது 35 எடுங்கள். அதற்குக் கீழே போக நான் சொல்ல மாட்டேன்.

கடையில் கேட்க வேண்டியது

பல கடைகளில் ஒரு சூட்டு விளக்கை வைத்து, ஃபிலிம் ஒட்டிய கண்ணாடித் துண்டுக்குப் பின்னால் உங்கள் கையைப் பிடிக்கச் சொல்வார்கள். கை சுடாது, உடனே நம்பிவிடுவோம். அவசரப்படாதீர்கள். விளக்கை அப்படியே நாலைந்து நிமிடம் எரிய விட்டு, பிறகு அந்தக் கண்ணாடித் துண்டையே தொட்டுப் பாருங்கள். சூட்டைக் குடிக்கும் ஃபிலிம் அதற்குள் கொதித்திருக்கும், கையிலும் உறைக்கத் தொடங்கும். "அகச்சிவப்பு 95 சதவீதம் தடுக்கும்" என்ற பேச்சை மட்டும் வைத்தும் முடிவு எடுக்க வேண்டாம். கதிரில் ஒரு சிறு பகுதியை மட்டும் அளந்து அப்படிச் சொல்லலாம். டி.எஸ்.இ.ஆர். எவ்வளவு என்று கேளுங்கள். மொத்த வெயில் சூட்டில் எத்தனை பங்கு தடுக்கிறது என்பது அதுதான். நல்ல செரமிக் ஃபிலிமுக்கு அந்த எண் 50ஐ ஒட்டியோ அதற்கு மேலேயோ இருக்கும். அந்த எண்ணைக் காட்ட முடியாத ஃபிலிமை விட்டுவிடுங்கள்.

உலோகப் பூச்சுள்ள ஃபிலிமும் சூட்டை நன்றாகத் தடுக்கும், ஆனால் ரேடியோ, ஜி.பி.எஸ்., ஃபோன் சிக்னலில் கைவைக்கும். பின் கண்ணாடியிலேயே அன்டெனாக் கம்பி ஓடும் கார்களுக்கு அது வேண்டாம்.

டிக்கிக் கண்ணாடி தனிக் கதை

பின் கதவுகள் வேறு, டிக்கிக் கண்ணாடி வேறு. கதவுக் கண்ணாடி இருட்டாக இருந்தால் ஷட்டரை இறக்கிப் பார்க்கலாம். டிக்கிக் கண்ணாடியை இறக்க முடியாது. வெள்ளவத்தைக் குறுக்கு வீதிகளில் இரவு மழைக்குள் ரிவர்ஸ் எடுத்தவர்களுக்குத் தெரியும்: லைட் இல்லாமல் ஓரமாக நிற்கும் ஓட்டோ, குடை பிடித்து நடக்கும் மனிதர், ரிவர்ஸ் கேமராவின் லென்ஸில் ஒட்டிய மழைத்துளி. அந்த நேரத்தில் கண்ணாடிதான் துணை. ஆகவே டிக்கிக் கண்ணாடிக்கு 50க்குக் குறையாமல், முடிந்தால் 70 செரமிக் ஒட்டுங்கள். கதவுக்கும் அதற்கும் நிறம் ஒத்துப்போக வேண்டும் என்று சிலர் பிடிவாதம் பிடிப்பார்கள். வெளியே நின்று பார்ப்பவருக்கு அழகு, ஓட்டுகிறவருக்கு ஆபத்து. பிரியஸ் போல டிக்கிக் கண்ணாடி இரண்டாகப் பிரிந்திருக்கும் கார்களில் பார்வை ஏற்கனவே துண்டாகத்தான் இருக்கும், அங்கே இன்னும் கவனம்.

பின் கண்ணாடிக்கு உட்புறமாக மேலே இருக்கும் மூன்றாவது பிரேக் லைட்டையும் மறக்க வேண்டாம். அதன் மேல் கறுப்பு ஃபிலிம் ஓடினால், பின்னால் வரும் பஸ்காரருக்கு நீங்கள் பிரேக் போட்டது மங்கலாகத்தான் தெரியும். அந்த இடத்தை அளவாக வெட்டி விடச் சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம். ஏசியைக் குறைத்து வைத்துக் காரைப் பூட்டாமல் "ஒரு நிமிசம்" என்று கடைக்கு இறங்குகிறோம், பின் சீட்டில் பிள்ளை தூங்குகிறது. வெளிறிய கண்ணாடி என்றால் வீதியில் போகிற யாராவது பார்த்துச் சத்தம் போடுவார்கள். கறுப்பு என்றால் யாருக்கும் தெரியாது. நிறுத்திய கார் வெயிலில் சூடேற அதிக நேரம் எடுக்காது. எந்த ஃபிலிம் இருந்தாலும் பிள்ளையைத் தனியே விட்டு இறங்காதீர்கள்.

கறுப்பில் நன்மையே இல்லை என்று சொல்லவில்லை. பின் சீட்டில் வைத்த லப்டொப் பை வெளியே தெரியாது. கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கும் தாய்க்கு அது பெரிய நிம்மதி. இதற்காகவே கேட்கிறவர்களுக்குக் கதவுகளில் 35 ஒட்டிக் கொடுப்பேன். பகலில் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அதுவே போதுமான மறைப்பு. கூடவே, தேவைப்படும் நேரத்தில் மட்டும் மாட்டும் வலைத் திரையும் வாங்கிக்கொள்ளலாம்.

சட்டத்தை என்னைப் போன்ற டின்ட் கடைக்காரரிடம் கேட்காதீர்கள். ஒட்டும் முன்பு நாரஹேன்பிட்டியிலுள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலோ போக்குவரத்துப் பொலிஸிலோ அன்றைய நடைமுறையைக் கேட்டுவிடுங்கள். முன் கண்ணாடியையும் முன் கதவுகளையும் கறுப்பாக்கவே வேண்டாம். இரவில் பொலிஸ் மறித்தால் உள் லைட்டைப் போட்டு நாலு ஷட்டரையும் இறக்குங்கள், பேச்சு அதோடு சுலபமாகும். இந்தியாவில் 2012இல் உச்ச நீதிமன்றம் ஃபிலிம் ஒட்டுவதையே தடுத்தது. அதனால் சென்னையில் இருக்கும் உறவினர் சொல்லும் கணக்கை இங்கே போட முடியாது.

ஒட்டும் நாளில்

காரை நிழலான, மூடிய இடத்தில் வைத்து ஒட்டுகிறார்களா என்று பாருங்கள். வீதியோரத்தில் ஒட்டினால் தூசி அடியில் மாட்டும், அது ஒருநாளும் போகாது. டிக்கிக் கண்ணாடி வளைந்தது. ஃபிலிமை வெளிப்புறத்தில் வைத்துச் சூட்டுக் காற்றால் சுருக்கி, அந்த வளைவுக்குப் பழக்கிய பிறகே உள்ளே ஒட்ட வேண்டும். ஒரே துண்டாக ஒட்டுகிறாரா என்று முன்கூட்டியே கேளுங்கள். பட்டை பட்டையாக வெட்டி ஒட்டுவது கைப்பழக்கம் போதாததன் அடையாளம்.

சவர்க்காரத் தண்ணீர் நிறையத் தெளித்துத்தான் ஒட்டுவோம், அது கீழே ஓடும். பின் தட்டிலுள்ள ஸ்பீக்கர்களுக்கும் கதவு சுவிட்சுகளுக்கும் துவாய் விரிக்கச் சொல்லுங்கள். பிரியஸ், அக்வா போன்ற ஹைபிரிட் என்றால் பின் சீட் அருகே பெரிய பற்றரிக்குக் காற்று இழுக்கும் துவாரம் இருக்கிறது. அதைக் கட்டாயம் மூடிவிட வேண்டும்.

ஒட்டிய பிறகு மூன்று, நான்கு நாளைக்குப் பின் ஷட்டர்களை இறக்காதீர்கள். மே மாத மழையிலோ ஒக்டோபர், நவம்பரிலோ ஒட்டினால் இன்னும் சில நாள் பொறுங்கள். முதலில் பால் போன்ற மங்கலும் சின்ன நீர்க்குமிழிகளும் தெரியும். அவை காய்ந்து போகும், ஊசியால் குத்த வேண்டாம். இரண்டு, மூன்று வாரம் கழித்தும் குமிழி இருந்தால் திரும்பக் கொண்டு போய்க் காட்டுங்கள். அமோனியா கலந்த கண்ணாடிக் கிளீனர் வேண்டாம், மெல்லிய துணியும் தண்ணீரும் போதும்.

கடைசியாகப் பழைய ஃபிலிம். 2020இல் வாகன இறக்குமதி நின்று 2025இல் மறுபடி திறக்கும் வரை எல்லோரும் பழைய கார்களையே வைத்து ஓட்டினோம். சாயம் வெளிறி ஊதாவாகி, குமிழி போட்ட ஃபிலிமோடு ஓடும் கார்கள் இன்னும் நிறைய. அதன் மேலேயே புதியதை ஒட்டக் கூடாது. டிக்கிக் கண்ணாடியின் உட்புறத்தில் ஓடும் மெல்லிய கோடுகள், ஏசியும் மழையும் சேர்ந்து கண்ணாடி மங்கும்போது அதைத் தெளியவைக்கும் சூட்டுக் கம்பிகள். பிளேட்டால் சுரண்டினால் ஒரே இழுப்பில் அவை அறுந்துவிடும். ஃபிலிமுக்கு நீராவி காட்டி, பசை இளகிய பின், ஒரு மூலையிலிருந்து மெதுவாக உரிக்க வேண்டும். மிச்சப் பசையைப் பிளாஸ்டிக் தகட்டால், கம்பி ஓடும் திசையிலேயே தள்ள வேண்டும். காரைக் கொடுக்கும் முன் பின் கண்ணாடிச் சூட்டு சுவிட்சைப் போட்டு வேலை செய்கிறதா என்று கடைக்காரரோடு சேர்ந்து பாருங்கள். எடுக்கும்போதும் அதேபோல் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.