வீட்டுக்கு ஒரே பாத்ரூம்: குடும்பமாகச் சேர்ந்து புதுப்பிப்பது எப்படி?

கூலி பேசிய மேஸ்திரி பழைய டைல்ஸைப் பாதி பெயர்த்துப் போட்டுவிட்டு வேறு சைட்டுக்குப் போய்விடுவார். போன் அடித்தால் "நாளைக்கு வந்துர்றேன் சார்" என்பார். அந்த நாளை வரவே வராது. நம் ஊரில் பாத்ரூம் வேலையை வீட்டாரே கையில் எடுப்பது பெரும்பாலும் ஆசையால் அல்ல, இந்த எரிச்சலால்தான். எடுத்த பிறகு வேறு எரிச்சல்கள் வரும். அவை எந்தெந்த இடத்தில் வரும் என்று தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இந்தச் செய்முறை தரைத்தளத்தில் இருக்கும் சாதாரண 6க்கு 4 அடி பாத்ரூமுக்கு. ஒரு வெஸ்டர்ன் கிளாசெட், ஒரு ஷவர், பக்கெட்டுக்கு ஒரு குழாய், ஒரு கீசர். சுத்தியலும் டிரில்லும் பிடித்துக் கொஞ்சம் பழக்கம் இருந்தால் போதும். அடுக்குமாடியில் மேல்தளத்தில் இருப்பவர்கள் தரையில் கை வைக்காதீர்கள். உங்கள் தரைதான் கீழ்வீட்டுக்காரரின் கூரை. ஓதம் அவர் சுவரில் இறங்கினால் பிறகு லிஃப்டில் முகம் பார்க்க முடியாது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாத்ரூமில் கண்ணுக்குத் தெரிகிற வேலை கடைசி வேலை. குழாய் இணைப்பு, தரை வாட்டம் (தண்ணீர் ஓடுவதற்கான சரிவு), கசிவுத் தடுப்புப் பூச்சு மூன்றும் டைல்ஸுக்கு உள்ளே போய் மறைந்துவிடும். வீட்டில் எல்லாரும் "டைல்ஸ் எப்ப ஒட்டுவ?" என்றுதான் கேட்பார்கள். நீங்களோ அந்த மூன்றிலேயே நின்றுகொண்டிருப்பீர்கள். நிற்கத்தான் வேண்டும்.

படி 1: உடைப்பதற்கு முன்பே சண்டையை முடித்துவிடுங்கள்

பாட்டிக்கு இந்தியன் கிளாசெட்தான் வேண்டும், ஆனால் முழங்கால் ஒத்துழைக்காது. மகளுக்குக் கறுப்பு டைல்ஸ். அம்மாவுக்குச் சோப்பு வைக்கச் சுவரில் ஒரு மாடம். இதையெல்லாம் சுவர் முழுசாக இருக்கும்போதே பேசித் தீருங்கள். குழாய் பதித்த பிறகு "இந்த ஷவரைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளேன்" என்று ஒரு குரல் வந்தால் மறுபடி சுவரை வெட்ட வேண்டும்.

பழைய சுவரிலேயே சாக்பீஸால் நிஜ அளவில் வரைந்து காட்டுங்கள். பக்கெட்டைக் கொண்டுவந்து வைத்து, குழாய்மூக்கு அதற்கு மேலே நிற்கிறதா என்று பாருங்கள். கிளாசெட் பக்கத்தில் வயதானவர்கள் பிடித்து எழுந்திருக்கக் கைப்பிடி வேண்டுமென்றால், அவர்களையே உட்காரவைத்து இடத்தைக் குறியுங்கள். கறுப்பு டைல்ஸுக்கு மட்டும் என் ஓட்டு கிடையாது. போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊரில் கறுப்புச் சுவர் ஒரே மாதத்தில் வெள்ளை பூத்துவிடும்.

ஆடியிலும் மார்கழியிலும் வேலை தொடங்கக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னால் மல்லுக்கட்ட வேண்டாம். ஆடித் தள்ளுபடியில் டைல்ஸை வாங்கி வைத்துவிட்டு ஆவணியில் உடைத்தால் இரண்டு தரப்புக்கும் சந்தோஷம்.

அடுத்து, வேலை நடக்கும்போது எல்லாரும் எங்கே போவது? குளியலைப் பின்கட்டில் தார்ப்பாய் கட்டிச் சமாளித்துவிடலாம். கழிப்பறைதான் சிக்கல். அதனால் கிளாசெட்டை முதலில் கழற்றாதீர்கள். சாக்கைப் போட்டு மூடி வைத்துவிட்டு, சுவர் உடைப்பு, குழாய், சுவர்ப் பூச்சு எல்லாவற்றையும் முடியுங்கள். தரைக்கு வரும்போது மட்டும் கழற்றுங்கள். அந்த நாட்களுக்குத்தான் பக்கத்து வீட்டு உதவியோ சொந்தக்காரர் வீடோ தேவைப்படும்.

படி 2: கணக்குப் போட்டு வாங்குங்கள்

சுற்றளவு (6+4)×2 = 20 அடி. ஏழடி உயரத்துக்கு டைல்ஸ் என்றால் 140 சதுர அடி. இரண்டரைக்கு ஏழு கதவைக் கழித்தால் 122.5. வெட்டுச் சேதத்துக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் சுமார் 135 சதுர அடி. தரை 24, சேதத்தோடு 27.

பெட்டிகளின் மேல் அச்சடித்திருக்கும் பேட்ச் எண்ணும் ஷேடும் எல்லாப் பெட்டியிலும் ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். ஒரே மாடலாக இருந்தாலும் பேட்ச் மாறினால் நிறம் லேசாக மாறும். கடையில் தெரியாது, சுவரில் தெரியும். தரைக்கு வழுக்காத மேட் டைல்ஸ், ஒரு அடிக்கு ஒரு அடி அளவு. இரண்டடி டைல்ஸ் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் சின்னத் தரையில் அதை வாட்டத்துக்கு வளைக்க முடியாது.

குழாய்க்கு சிபிவிசி பிளாஸ்டிக். வெந்நீருக்கும் தாங்கும். குழாயும் எல்போவும் (திருப்பத்தில் வரும் இணைப்பு) ஒரே கம்பெனியில் வாங்குங்கள். மிக்ஸர் (வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து தரும் குழாய்), கிளாசெட், ஷவர் எல்லாம் உடைப்பதற்கு முன்பே வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். ஏன் என்று நான்காம் படியில் சொல்கிறேன்.

படி 3: உடைப்பு

கீசர், லைட் இரண்டுக்குமான எம்சிபியை (மெயின் பெட்டியில் இருக்கும் சுவிட்சை) இறக்குங்கள். மாடித் தொட்டியிலிருந்து வரும் வால்வை அடையுங்கள். கழிவு ஓட்டைகள் எல்லாவற்றிலும் பழந்துணியைத் திணித்து, மேலே பாலிதீன் கட்டுங்கள். ஒரு துண்டு டைல் உள்ளே விழுந்தால் அதை எடுக்க வாசல் சேம்பர் வரை தோண்ட நேரலாம்.

பாதுகாப்புக் கண்ணாடி, மாஸ்க், கையுறை மூன்றும் கட்டாயம். உடைந்த டைல் விளிம்பு பிளேடுக்குச் சமம். மேல் வரிசையிலிருந்து தொடங்கி, உளியைச் சாய்த்துப் பிடித்துக் கீழே இறங்குங்கள். பழைய பூச்சும் சேர்ந்து வந்தால் கவலைப்பட வேண்டாம். வராத இடத்தைச் சுத்தியல் காம்பால் தட்டுங்கள். பொள்ளலாகச் சத்தம் வந்தால் அதையும் பெயர்த்துவிடுங்கள்.

இடிபாட்டை காலி சிமென்ட் பையில் பாதிதான் நிரப்ப வேண்டும், முழுப் பையை யாராலும் தூக்க முடியாது. தெருமுனையில் கொட்டாதீர்கள், அபராதம் உண்டு. மாநகராட்சியிடம் கேட்டால் எங்கே கொண்டுபோவது என்று சொல்வார்கள். மதியத்தில் பக்கத்து வீட்டுத் தாத்தா தூங்கும் நேரத்துக்குச் சுத்தியலுக்கும் ஓய்வு கொடுங்கள். கழிப்பறைக்கு அங்கேதான் போகவேண்டி வரும்.

படி 4: குழாய்

சுவர் மிக்ஸருக்கு வெந்நீர் இடது, பச்சைத் தண்ணீர் வலது. இரண்டு பாயின்ட்டுக்கும் நடுவே மையத்திலிருந்து மையத்துக்கு 150 மி.மீ., அதாவது 6 இன்ச் இருக்க வேண்டும். கூடவே வரும் வளைந்த கால்கள் சின்ன வித்தியாசத்தைச் சமாளிக்கும், பெரிய வித்தியாசத்தைச் சமாளிக்காது. அதனால் மிக்ஸரையே இரண்டு எல்போவிலும் மாட்டி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, அப்படியே கலவை வைத்து இறுக்குங்கள். கலவை இறுகிய பிறகு கழற்றி எடுத்துக்கொள்ளலாம். பொருட்களை முன்பே வாங்கச் சொன்னது இதற்காகத்தான்.

அளக்கும்போது வெற்றுச் சுவரை அளக்காதீர்கள். பூச்சும் டைல்ஸும் சேர்ந்து கிட்டத்தட்ட ஒரு இன்ச் முன்னால் வரும். கிளாசெட்டில் இது பெரிய வம்பு. 9 இன்ச் எஸ் ட்ராப் (கழிவு தரை வழியே இறங்கும் கிளாசெட்) என்றால், டைல்ஸ் ஒட்டி முடித்த சுவரிலிருந்து கழிவுக் குழாயின் மையம் வரை 9 இன்ச். வெற்றுச் சுவரிலிருந்து 9 இன்ச் வைத்தால், கடைசியில் எட்டுதான் மிஞ்சும். கிளாசெட் உட்காரவே உட்காராது.

சிபிவிசி ஒட்டுவது கடினமில்லை. நேராக வெட்டுங்கள், பிசிரைத் தேயுங்கள், பசையில்லாமல் ஒருமுறை பொருத்திப் பாருங்கள். பிறகு குழாயிலும் எல்போவிலும் பசை தடவி, கால் சுற்று திருப்பிச் செருகி, அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். விட்டால் குழாய் தானே வெளியே நகரும். மரை உள்ள இடங்களில் டெஃப்லான் டேப்பை மரை இறுகும் திசையிலேயே சுற்ற வேண்டும்.

பசை காய டப்பாவில் போட்டிருக்கும் நேரம் விட்டு, எல்லா பாயின்ட்டிலும் டம்மி போட்டு மூடி, வால்வைத் திறந்து இரவு முழுக்க விடுங்கள். காலையில் ஒவ்வொரு மூட்டிலும் டிஷ்யூ பேப்பரை ஒற்றிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரம் பேப்பரில் தெரியும். பூசி மூடுவதற்கு முன் அளவு டேப்பை விரித்து வைத்து, அளவு தெரிய ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுங்கள். நாளைக்குக் கண்ணாடி மாட்ட டிரில் எடுக்கும்போது அந்தப் போட்டோ குழாயைக் காப்பாற்றும்.

படி 5: வாட்டமும் பூச்சும்

தரை 80 அல்லது 100க்கு ஒன்று என்ற கணக்கில் சரிய வேண்டும். ஆறடி நீளத்துக்கு முக்கால் இன்ச்சிலிருந்து ஒரு இன்ச். இதைவிடக் குறைந்தால் தண்ணீர் தேங்கும், கூடினால் ஈரக்காலில் நிற்க முடியாது. அறைத்தரையைவிட முடிந்த பாத்ரூம் தரை அரை இன்ச்சாவது தாழ்வாக இருக்க வேண்டும். கதவருகிலிருந்து நானி ட்ராப் (தரைத் தண்ணீர் இறங்கும் கழிவு வாய்) வரை நூல் கட்டிச் சரிவை முடிவு செய்யுங்கள். அதிலிருந்து டைலுக்கும் பசைக்கும் சேர்த்து அரை இன்ச் கழித்த மட்டத்தில் கலவை போடுங்கள். நானி ட்ராப்பில் 50 மி.மீ. தண்ணீர் எப்போதும் நிற்க வேண்டும். நாற்றத்தையும் கரப்பானையும் தடுப்பது அந்தத் தண்ணீர்தான்.

கலவை நன்றாக இறுகிய பிறகு, தரையும் சுவரும் சேரும் மூலைகளில் கலவையால் சின்ன வளைவு கொடுத்து, அங்கேயும் குழாய்களைச் சுற்றியும் வலைத்துணி வையுங்கள். திரவமும் பவுடருமாக வரும் கசிவுத் தடுப்புப் பூச்சைக் கட்டியில்லாமல் கலக்கி முதல் கோட் ஒரு திசையில், காய்ந்ததும் இரண்டாம் கோட் அதற்குக் குறுக்கே. சுற்றிலும் சுவரில் ஒரு அடி உயரம், குளிக்கும் பக்கம் ஆறடி.

பூச்சு காய்ந்ததும் சோதனை. நானி ட்ராப்பை இறுக்கி அடைத்து, வாசற்படியில் ஒரு செங்கல் வரிசை வைத்துப் பூசி, மேட்டுப் பக்கமும் ஒரு இன்ச் முங்குகிற மாதிரி தண்ணீர் கட்டுங்கள். சுவரில் பென்சிலால் மட்டத்தைக் குறியுங்கள். ஒரு மக்கில் தண்ணீர் ஊற்றி அதிலும் கோடு போட்டு அங்கேயே வையுங்கள். 48 மணி நேரம் கழித்துப் பார்த்தால் இரண்டிலும் ஒரே அளவு இறங்கியிருந்தால் அது ஆவியானது. தரையில் மட்டும் அதிகம் இறங்கியிருந்தால் எங்கோ ஓட்டை.

வீட்டில் பொறுமை தீருவதும் இந்த இரண்டு நாளில்தான். வெளியே பார்த்தால் ஒரு வேலையும் நடக்காது, உள்ளே தண்ணீர் மட்டும் நிற்கும். "சும்மாதானே இருக்கு, ஒட்டிட வேண்டியதுதானே?" என்று ஆளாளுக்கு வந்து எட்டிப் பார்ப்பார்கள். அந்த மக்கையும் கோட்டையும் காட்டுங்கள். குழந்தைகளிடம் கோட்டைப் பார்த்துச் சொல்லும் பொறுப்பைக் கொடுத்தால் நச்சரிப்பு பாதியாகும்.

படி 6: டைல்ஸ்

சுவர்தான் முதலில். ஆனால் கீழ் வரிசையை விட்டுவிட்டு இரண்டாம் வரிசையிலிருந்து தொடங்குங்கள். அந்த உயரத்தில் நேரான மரச்சட்டத்தை ரசமட்டம் வைத்து ஆணியடித்து, அதன்மேல் அடுக்க வேண்டும். கசிவுத் தடுப்புப் பூச்சு கொடுத்த இடத்தில் ஆணி இறங்கக் கூடாது. அங்கே சட்டத்துக்கு அடியில் செங்கல்லால் முட்டுக்கொடுங்கள். பிறகு தரை, கடைசியில் கீழ் வரிசை. தரை சரிந்திருப்பதால் அந்த வரிசையை ஒவ்வொன்றாக அளந்து வெட்ட வேண்டிவரும், சரிவும் அதில் மறைந்துவிடும்.

பசையைக் கலக்கி ஐந்து நிமிடம் விட்டு மறுபடி கலக்குங்கள். அரை மணியில் தீரும் அளவு மட்டும். பல்கரண்டியால் ஒரே திசையில் கோடு இழுத்து, டைலை வைத்து அழுத்தி, லேசாக நகர்த்துங்கள். வெயில் காலத்தில் பசைமேல் சீக்கிரம் ஆடை கட்டும். விரலை வைத்தால் ஒட்டவில்லை என்றால் வழித்துப் போட்டுவிட்டுப் புதிதாகத் தடவுங்கள். அவ்வப்போது ஒரு டைலைப் பெயர்த்து முதுகைப் பாருங்கள், பசை முழுக்கப் படர்ந்திருக்க வேண்டும். டைல்களுக்கு நடுவே வைக்கும் ஸ்பேசர் சுவருக்கு 2 மி.மீ., தரைக்கு 3 மி.மீ.

தரையில் பசை இறுகுவதற்குள் ஒரு கோலிக்குண்டை நான்கு மூலையிலிருந்தும் விட்டுப் பாருங்கள். நானி ட்ராப்பை நோக்கி உருள வேண்டும். நடுவில் நின்றால் அந்த டைலை இப்போதே எடுத்துச் சரிசெய்யுங்கள்.

படி 7: மிச்சம்

ஒரு நாள் விட்டு, டைல்ஸ் இடுக்கை அடைக்கும் கிரவுட். சுவருக்கு சிமென்ட் கிரவுட் போதும், தரைக்கு எபாக்ஸி போடுங்கள். விலை அதிகம், உடனுக்குடன் துடைக்கவில்லை என்றால் டைலிலேயே ஒட்டிக்கொள்ளும், ஆனால் கறை பிடிக்காது. மூலைகளில் கிரவுட் வேண்டாம், சிலிக்கான். கிளாசெட்டை ஒயிட் சிமென்ட்டில் புதைக்காமல் ஸ்குரூ போட்டுச் சிலிக்கான் அடியுங்கள். பிறகு ஒரு நாள் கழற்ற வேண்டிவந்தால் உடைக்காமல் எடுக்கலாம்.

கீசர் வயரிங்கில் மட்டும் நீங்கள் கை வைக்க வேண்டாம். 2000 வாட் கீசர் 9 ஆம்பியர் வரை இழுக்கும். தனி வயர், 16 ஆம்பியர் பிளக், நல்ல எர்த், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானே அணையும் சுவிட்ச்) எல்லாம் லைசென்ஸ் உள்ள வயர்மேன் செய்ய வேண்டியவை. அவர் நாளைக்கு வருகிறேன் என்றால் காத்திருங்கள், அதுவரை அடுப்பில் வெந்நீர் வைத்துக்கொள்ளலாம்.

மிஞ்சிய டைல்ஸில் சுவருக்கு நான்கு, தரைக்கு நான்கு எடுத்து, பேட்ச் எண் இருக்கும் பெட்டி அட்டையோடு பரணில் போட்டு வையுங்கள்.