யூஎஸ்பி கருவியோடு பேசும் டெஸ்க்டாப் ஆப்: எங்கே தொடங்குவது?

பெங்களூரு எஸ்.பி. ரோடு மின்னணுக் கடைவீதியில் ஒரு ஆர்டுயினோ ஊனோ போர்டு (நாமே புரோகிராம் ஏற்றக்கூடிய சின்ன மின்னணுப் பலகை) வாங்கிவிட்டால் மீதிக்கு பைத்தான் மொழியும் அதற்கான பைசீரியல் லைப்ரரியும் போதும். எடுத்தவுடனே யூஎஸ்பியை நேரடியாகக் கையாளும் லிப்யூஎஸ்பி லைப்ரரி பக்கம் போகாதீர்கள். இந்த போர்டு கணினிக்கு ஒரு சீரியல் போர்ட்டாகத்தான் (தரவு ஒவ்வொரு பிட்டாக வரிசையில் போய்வரும் வழி) தெரியும்.

போர்ட்டின் பெயரை புரோகிராமில் நேராக எழுதி வைக்காதீர்கள், இன்று காம் 3 என்று வருவது இன்னொரு கணினியில் காம் 7 ஆக இருக்கும். அசல் ஊனோவின் தயாரிப்பாளர் எண் ஹெக்ஸில் (16-ஐ அடியாகக் கொண்ட எண்முறை) 2341, இணைந்திருக்கும் போர்ட்களில் அதைத் தேடிப் பிடியுங்கள் (நகல் போர்டு என்றால் எண் வேறாக இருக்கும், முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்). உபுண்டுவில் அனுமதி இல்லை என்று வந்தால் உங்கள் பயனரை, சீரியல் போர்ட்டைப் பயன்படுத்த அனுமதி உள்ள டயலவுட் குழுவில் சேர்த்து, லாக் அவுட் செய்து மறுபடி வாருங்கள்.

அப்புறம், போர்ட்டைத் திறந்ததும் ஊனோ ரீசெட் ஆகும். இரண்டு விநாடி பொறுத்து அனுப்புங்கள். போர்டு, ஆப் இரு பக்கமும் தரவு வேகம் (பாட் ரேட்) 9600 என்றே இருக்கட்டும்.

இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்: போர்ட்டிலிருந்து படிக்கும் வேலையைத் தனி திரெட்டில் (ஆப்பின் மற்ற வேலைகளோடு இணையாக ஓடும் பகுதி) வையுங்கள், இல்லாவிட்டால் தரவு வரும்வரை ஆப் அப்படியே உறைந்து நிற்கும். வருவது பைட்களின் ஓட்டம்தான், ஒரு முறை படித்தால் பாதி வரிகூட கிடைக்கலாம், அதனால் வரி முடியும் குறி வரும்வரை சேர்த்து வைத்து அதற்குப் பிறகே பிரித்துப் பாருங்கள். கேபிளை யாராவது பிடுங்கினால் வரும் பிழையைப் பிடித்து, போர்ட்டை மறுபடி தேடும்படியும் எழுதிவிடுங்கள்.