பனிக்காலத்தில் கார் பாகங்களின் எண்ணெய்ப் பிசுக்கை வீட்டிலேயே எடுப்பது எப்படி?

டொரன்டோவில் ஜனவரி மாதத்தில் மைனஸ் 10 டிகிரி என்பது சாதாரணம். கோடையில் வீட்டு வாசலில் உட்கார்ந்து சுலபமாக முடிக்கிற வேலை, குளிர் வந்ததும் கராஜுக்குள் போய்விடுகிறது. கதவைத் திறந்தால் கை விறைக்கும், மூடினால் நெடி தலைக்கு ஏறும். பிசுக்கும் எண்ணெயும் தூசியுமாக மெழுகு மாதிரி இறுகிக் கிடக்கும். வேலைக்குப் புதியவர்கள் உடனே தேடுவது இன்னும் காட்டமான திரவத்தைத்தான். அது தேவையில்லை. குளிரில் பிசுக்கை இளக்குவது சூடு. அந்தச் சூட்டைத் தண்ணீருக்கும் பாகத்துக்கும் கொடுங்கள். எரியக்கூடிய திரவத்துக்கு மட்டும் ஒருநாளும் கொடுக்காதீர்கள்.

உதாரணத்துக்கு என்ஜினின் மேல் மூடியான, அலுமினியத்தில் செய்த வால்வ் கவரை எடுத்துக்கொள்வோம். ஊரில் மெக்கானிக்குகள் டேப்பட் கவர் என்பார்களே, அதுதான். பழைய கார்களில் கேஸ்கெட் (கசியாமல் இருக்க மூடிக்கும் என்ஜினுக்கும் இடையில் வைக்கும் பட்டை) இறுகிப்போய் எண்ணெய் கசிந்து, கவரைச் சுற்றிக் கருப்பாகப் படிந்திருக்கும். அதோடு சேர்த்து ஒரு இரும்பு பிராக்கெட்டையும் நாலைந்து போல்ட்டுகளையும் கழுவலாம்.

முதலில், பெட்ரோல் வேண்டாம்

"கொஞ்சம் பெட்ரோலில் போட்டு எடுத்தால் பளிச்சென்று ஆகிவிடும்" என்று சொல்ல யாராவது ஒரு அண்ணன் கட்டாயம் இருப்பார். பளிச்சென்று ஆகும் என்பது உண்மைதான். ஆனால் பெட்ரோல் மைனஸ் 40 டிகிரியில்கூடத் தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விடும். வெளியே எவ்வளவு குளிர் என்பது அதற்குப் பொருட்டே இல்லை. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாகப் பரவும். இங்கே பல வீடுகளில் எரிவாயு வாட்டர் ஹீட்டரும் ஃபர்னஸும் பேஸ்மென்டில் இருக்கின்றன. கராஜிலிருந்து வீட்டுக்குள் போகும் கதவின் அடி இடுக்கு போதும், ஆவி அந்த நெருப்பைப் போய்த் தொட.

அதற்குப் பதிலாக மினரல் ஸ்பிரிட்ஸ் வாங்குங்கள். கனடாவில் வார்சோல் என்று கேட்டால் கடையில் எடுத்துக் கொடுப்பார்கள். அது தீப்பிடிக்கும் அளவு ஆவி விட ஏறத்தாழ 40 டிகிரி சூடு வேண்டும். குளிர்ந்த கராஜில் நமக்குச் சாதகமான ஒரு விஷயம் இது. பக்கத்தில் ஹீட்டரைப் போட்டு அதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். பிரேக் கிளீனர் ஸ்பிரேக்களில் சில குளோரின் சேர்ந்தவை. அவற்றின் ஆவி நெருப்பிலோ பழுக்கக் காய்ந்த கம்பியிலோ பட்டால் ஃபாஸ்ஜீன் என்ற நச்சுவாயு உண்டாகும்.

தேவையான சாமான்கள்

வார்சோல் ஒரு லிட்டர், தகரத் தட்டு, நைலான் பிரஷ், பழைய டூத் பிரஷ், பிளாஸ்டிக் சுரண்டி, பாத்திரம் கழுவும் திரவ சோப், இரண்டு வாளி, பழைய துணி, மூடி போட்ட தகர டப்பா, பெரிய ஜிப் பை, ஹேர் டிரையர், ஒரு கேன் டபிள்யூடி-40. கைக்கு நைட்ரைல் கையுறை. ஒரு அளவு பெரியதாக வாங்கி, உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை போட்டுக்கொண்டால் விரல் விறைக்காது. வார்சோல் இந்தக் குளிரில் உறையாது. வெறுங்கையில் பட்டால் அந்த மைனஸ் 10-உம் அப்படியே தோலில் இறங்கும்.

1. குளிரோடு குளிராகச் சுரண்டுங்கள்

கவரைக் கழற்றும் முன்பே அதைச் சுற்றியுள்ள தூசியைத் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அத்தனையும் என்ஜினுக்குள் விழும். கழற்றிய பிறகு திறந்திருக்கும் இடத்தைச் சுத்தமான துணியால் மூடி வையுங்கள். எந்த போல்ட் எந்த ஓட்டையில் இருந்தது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிசுக்கு தடிமனாக இருக்கும் இடங்களில் குளிர் உதவிதான் செய்யும். கோடையில் இழுவிக்கொண்டு வருவது இப்போது செதில் செதிலாகப் பெயர்ந்து வரும். சுரண்டியைச் சாய்த்துப் பிடித்துத் தள்ளுங்கள். கேஸ்கெட் உட்காரும் விளிம்பில் இரும்புச் சுரண்டியைக் கொண்டுபோகாதீர்கள், அங்கே ஒரு கீறல் விழுந்தாலும் மறுபடி கசியும். பிளாஸ்டிக் கிளிப், பிளாஸ்டிக் கவர் எதையும் குளிரில் நெம்ப வேண்டாம். பட்டென்று உடையும்.

2. வார்சோல்

கராஜ் கதவை ஓரடியாவது தூக்கி வையுங்கள். தட்டில் ஒரு விரல் உயரத்துக்கு வார்சோல் ஊற்றி, பிரஷை நனைத்துத் தேய்த்து, பத்து நிமிடம் விட்டு மறுபடி தேய்த்தால் போதும். குளிரில் இது தானாகக் காயாது. துணியால் நன்றாகத் துடைத்து எடுங்கள்.

பிரேக் காலிப்பர் (சக்கரத்தின் பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) போன்றவற்றை இதில் போடாதீர்கள். பிரேக் சீல்களின் ரப்பர் பெட்ரோலியத் திரவம் பட்டால் ஊதிவிடும். பிரேக் பாகங்களுக்கு பிரேக் கிளீனர் மட்டும்தான், அதுவும் வெளியில் வைத்து.

3. வீட்டுக்குள் கொண்டுவரும் முறை

பலர் கவனிக்காமல் விடும் இடம் இது. மைனஸ் 10-இல் கிடந்த இரும்பை அப்படியே சூடான வீட்டுக்குள் கொண்டுவந்தால் ஒரு நிமிடத்தில் அதன்மேல் பனித்துளி பூத்துவிடும். பிசுக்கு எடுத்த வெற்று இரும்பில் அந்த ஈரம் நின்றால் துருதான். ஆகவே கராஜிலேயே பாகத்தை ஜிப் பைக்குள் போட்டு, காற்றைப் பிதுக்கி மூடி, பிறகு உள்ளே கொண்டுவாருங்கள். ஈரம் பையின் வெளிப்பக்கம் படியும், உள்ளே பாகம் காய்ந்தபடியே இருக்கும். தொட்டுப் பார்த்தால் குளிர் தெரியாமல் போகும் வரை பையைத் திறக்காதீர்கள். பெரிய இரும்புத் துண்டுக்கு ஒன்றிரண்டு மணி நேரம்கூட ஆகலாம்.

4. சுடுதண்ணீரும் சோப்பும்

இனிதான் பாதி வேலை. கை பொறுக்கும் அளவைவிடச் சற்றே கூடுதலான சூட்டில் ஒரு வாளித் தண்ணீர், அதில் நாலைந்து கரண்டி சோப். கையுறையோடு பாகத்தை உள்ளே இறக்கி, கால் மணி நேரம் ஊறவிடுங்கள். பாகமும் சூடேறிய பிறகு தேய்த்தால், வார்சோலுக்கு மசியாத பழுப்புப் படலம்கூட நுரையோடு கரைந்து வருவது தெரியும். மூலை, போல்ட் ஓட்டை, மரை எல்லாவற்றுக்கும் டூத் பிரஷ். தண்ணீர் ஆறினால் மாற்றுங்கள். ஆறின தண்ணீரில் எவ்வளவு தேய்த்தாலும் கை வலிதான் மிச்சம்.

போல்ட்டுகளுக்கு ஒரு சோம்பேறி வழி உண்டு. பழைய ஸ்லோ குக்கரில் தண்ணீரும் சோப்பும் விட்டு, குறைந்த சூட்டில் இரண்டு மணி நேரம் போட்டுவிடுங்கள். தண்ணீரும் சோப்பும் மட்டும்தான், அதில் வார்சோல் ஒரு சொட்டு கூடாது. அந்தக் குக்கர் இனிமேல் சமையலறைக்குத் திரும்பவும் கூடாது.

ஓவன் கிளீனர் நல்லா வேலை செய்யும் என்று சொல்வார்கள். இரும்புக்குச் சரி. அதில் பெரும்பாலும் காஸ்டிக் சோடா இருக்கும். அது அலுமினியத்தை அரித்துக் கறுக்கவைக்கும்.

5. உடனே காயவையுங்கள்

இரண்டாவது வாளியில் சுத்தமான சுடுதண்ணீரில் அலசி எடுங்கள். சூட்டோடு எடுத்தால் பாதி ஈரம் தானாகவே போய்விடும். மீதிக்குத் துணி, பிறகு ஹேர் டிரையர். வார்சோல் நெடி கொஞ்சமாவது இருந்தால் டிரையரைத் தொடாமல் இன்னொரு முறை சோப் போட்டுக் கழுவுங்கள். இரும்பு பிராக்கெட்டில் சில நிமிடங்களிலேயே ஆரஞ்சு நிறம் தட்ட ஆரம்பிக்கும், அதனால் முதலில் அதைக் காயவைத்து டபிள்யூடி-40 அடித்துவிடுங்கள். ஈரத்தை விரட்டுவதற்கென்றே 1953-இல் உருவாக்கப்பட்ட திரவம் அது.

6. கழிவு

கறுத்த வார்சோலைக் கொட்டாதீர்கள். கண்ணாடி ஜாடியில் ஊற்றி மூடி ஒரு வாரம் வைத்தால் அழுக்கு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை அடுத்த முறைக்கு எடுத்துக்கொள்ளலாம். அடிக்கசடு, பழைய எண்ணெய், முதல் வாளியின் கறுப்புத் தண்ணீர் எல்லாவற்றையும் பெயர் எழுதிய கேன்களில் சேர்த்து, நகராட்சியின் அபாயகரக் கழிவு எடுக்கும் டிப்போவில் கொடுங்கள். வாசலில் கொட்டினால் மழைநீர்ச் சாக்கடை வழியாக ஆற்றுக்குப் போகும். அதற்கு முன்பே உறைந்து யாராவது வழுக்கி விழுவார்கள். எண்ணெய்த் துணிகளைக் குவித்து வைக்காமல் வெளியே விரித்துக் காயவிட்டு, தகர டப்பாவில் மூடி வையுங்கள்.

மாட்டும்போது

கேஸ்கெட் உட்காரும் விளிம்பில் டபிள்யூடி-40 பட்டிருந்தால் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள். எண்ணெய்ப் பசை இருந்தால் புதுக் கேஸ்கெட்டும் வழுக்கும். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளியே, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். பல கார்களில் இவற்றுக்கு 10 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையே போதும். சரியான எண் உங்கள் காரின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். பிறகு என்ஜினைச் சூடேறும் வரை ஓடவிட்டு, டார்ச் அடித்துச் சுற்றிலும் பாருங்கள். ஈரம் தெரிந்தால் மறுபடி கவரைக் கழற்றுவதற்கு முன், ஏதாவது ஒரு போல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.