டம்ளரும் டிரம்மும்: செம்மண் தக்காளிக்குத் தண்ணீரும் உரமும்

வேடசந்தூர் பக்கம் ஒரு ஏக்கர் செம்மண்ணில் தக்காளி வைக்கிறேன். 700 அடி போர். சொட்டுநீர் போட்ட முதல் வருடமும் சித்திரையில் தண்ணீர் பற்றவில்லை. காரணம் என் பழக்கம்தான். கரண்ட் வந்ததும் மோட்டாரைப் போடுவேன், போகும்வரை ஓடும். எவ்வளவு பாய்கிறது என்று அளந்ததே இல்லை.

முதலில் போரை அளந்துவிடுங்கள். 200 லிட்டர் டிரம்மை டெலிவரி குழாய்க்கு அடியில் வைத்து, நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். எனக்கு 85 விநாடி, அதாவது மணிக்குச் சுமார் 8,500 லிட்டர். என் லேட்டரல் (செடி வரிசையோடு ஓடும் சிறு குழாய்) 4 அடிக்கு ஒன்று, அதில் தண்ணீர் சொட்டும் வாயான சொட்டுவான் 40 சென்டிமீட்டருக்கு ஒன்று, ஒவ்வொன்றும் மணிக்கு 2 லிட்டர் விடும். ஏக்கர் முழுவதும் ஒரே நேரத்தில் பாய மணிக்குக் கிட்டத்தட்ட 17,000 லிட்டர் வேண்டும். அவ்வளவு என் போரில் இல்லை. அதனால் நிலத்தை இரண்டு பாதியாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வால்வு வைத்து, மாற்றி மாற்றிப் பாய்ச்சினேன். அதன் பிறகுதான் கடைமடைச் செடிக்கும் தண்ணீர் போனது.

அடுத்து டம்ளர். சொட்டுவானுக்குக் கீழே சிறு குழி எடுத்து டம்ளரை வையுங்கள். 2 லிட்டர் சொட்டுவான் 6 நிமிடத்தில் 200 மில்லி தர வேண்டும். என் வயலில் தலைப்பில் 200, கடைசி வரிசையில் 110 மில்லிதான் விழுந்தது. ஃபில்டர் தட்டுகளைக் கழற்றிக் கழுவி, லேட்டரல் முனைகளைத் திறந்து அழுக்குத் தண்ணீரை வெளியேற்றியதும் பெருமளவு சரியானது. உப்புத் தண்ணீர் போர் என்றால் சொட்டுவான் வாயில் வெள்ளையாகப் படியும், அதற்கு ஆசிட் கழுவல் வேண்டும். ஆசிட்டைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், ஆசிட்டுக்குள் தண்ணீரை ஊற்றவே கூடாது. கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

இந்த இடைவெளியில் ஒரு மணி நேரம் ஓடினால் நிலத்துக்கு 4 மில்லிமீட்டர் மழை பெய்த கணக்கு. காய் பிடித்த செடிக்குக் கோடையில் தினம் ஒன்றரை மணி நேரம் விடுகிறேன். நட்ட புதிதில் அரை மணி போதும். செம்மண்ணில் தண்ணீர் பக்கவாட்டில் பரவாமல் நேரே கீழே இறங்கும். ஒரே நாளில் மூன்று மணி நேரம் விட்டு இரண்டு நாள் நிறுத்தினால் பாதித் தண்ணீர் வேருக்குக் கீழே போய்விடும். வேர்ப்பக்கம் ஒரு பிடி மண் எடுத்து அழுத்துங்கள். உருண்டையாக நின்றால் இன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். செடியடியில் கடலைத்தோலோ கரும்புச் சோகையோ பரப்பினால் வெயில் நேரே மண்ணில் படாது.

உரத்திலும் இதே தப்பைத்தான் செய்தேன். 45 கிலோ யூரியா மூட்டையை இரண்டே தடவையில் போட்டு, மேலே தண்ணீர் விட்டேன். செடி கருகருவென்று வளர்ந்தது, பூ உதிர்ந்தது. இப்போது அதே மூட்டை வாரம் 3 கிலோவாக 15 வாரம் வருகிறது. வால்வுக்கு ஒன்றரை கிலோ. வாளியில் கரைத்து, துணியில் வடிகட்டி, வென்சுரி (உரக் கரைசலைக் குழாய்க்குள் உறிஞ்சிவிடும் கருவி) வழியாக விடுங்கள். முதல் அரை மணி வெறும் தண்ணீர், நடு அரை மணி உரம், கடைசி அரை மணி மறுபடி வெறும் தண்ணீர். கடைசித் தண்ணீர் குழாயைக் கழுவும், உரத்தையும் வேர் மட்டத்தில் நிறுத்தும். சூப்பர் பாஸ்பேட்டைக் குழாயில் விடாதீர்கள், சொட்டுவான் அடைத்துவிடும். அதிலுள்ள மணிச்சத்து (பாஸ்பரஸ்) மண்ணில் அதிகம் நகராது என்பதால் நடும் முன்பே தொழுவுரத்தோடு அடியில் போட்டுவிடுகிறேன். பூ வந்த பிறகு, மண் பரிசோதனை அட்டையைப் பார்த்து, வெள்ளைப் பொட்டாஷைக் கூட்டுகிறேன்.

காயின் அடி கறுத்துக் குழி விழுகிறதா? நோய் என்று மருந்துக்கடைக்கு ஓடாதீர்கள். நான் ஓடினேன், இரண்டு மருந்து அடித்தும் நிற்கவில்லை. அது சுண்ணாம்புச் சத்து (கால்சியம்) காய்க்குப் போய்ச் சேராததால் வருவது. அந்தச் சத்து தண்ணீரோடுதான் செடிக்குள் ஏறும். ஒருநாள் காய்ச்சல், ஒருநாள் வெள்ளம் என்றால் ஏறாது. தினசரி அளவாக விட்டதுமே பெரும்பாலும் நின்றுவிட்டது. மீதிக்கு கால்சியம் நைட்ரேட் கொடுக்கிறேன், அதுவும் தனி நாளில். சல்பேட் உரத்தோடும் பாஸ்பேட் உரத்தோடும் ஒரே வாளியில் கலந்தால் கரையாத வெள்ளைப் படிவாகத் திரிந்து குழாயை அடைக்கும். எனக்குத் திங்கள் யூரியாவும் பொட்டாஷும், வியாழன் கால்சியம்.