அன்டெனாவுக்கு எந்தக் கேபிள்? கடைக்குப் போகுமுன் ஒரு நூலை எடுங்கள்

போன மாரியில் ஒரு இரவு, என்னைப் போலவே பொழுதுபோக்காக ஹாம் ரேடியோவில் பேசுகிற, அக்கரைப்பற்றில் இருக்கிற கூட்டாளி போன் எடுத்தார். "மச்சான், மீட்டர்ல எஸ்.டபிள்யூ.ஆர். 1.2தான் காட்டுது, அன்டெனா சோக்கா இருக்கு, ஆனா ஒருத்தருக்கும் கேக்குதில்ல." (எஸ்.டபிள்யூ.ஆர். என்பது அனுப்பிய பவரில் எவ்வளவு அன்டெனாவில் பட்டுத் திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் எண், 1 என்றால் ஒன்றும் திரும்பவில்லை.) என்ன கேபிள், எத்தனை மீட்டர் என்று கேட்டேன். ஆர்ஜி-58, முப்பது மீட்டர், மிஞ்சினதைச் சுருட்டிக் கூரைக்கு மேலே வைத்திருக்கிறேன் என்றார்.

ஆர்ஜி-58 என்பது நடுவில் ஒரு கம்பியும், அதன் இன்சுலேஷனுக்கு மேல் பின்னல் கம்பியும் உள்ள மெல்லிய கேபிள் வகை. அன்டெனாவில் ஒரு பிழையும் இல்லை. அவர் பேசுகிற 145 மெகாஹேர்ட்ஸில் ஆர்ஜி-58 கேபிள் நூறு மீட்டருக்கு 18 முதல் 20 டெசிபெல் வரை தின்னும் (டெசிபெல் இழப்பை அளக்கிற அலகு, 3 டெசிபெல் போனால் பவரில் பாதி போய்விடும்). முப்பது மீட்டருக்குக் கிட்டத்தட்ட 6 டெசிபெல், அதாவது நாலில் மூன்று பங்கு வழியிலேயே போய்விடும். அவருடைய 50 வாட்டில் அன்டெனாவுக்குப் போய்ச் சேர்வது 12, 13 வாட். மீதி கேபிளைச் சூடாக்குகிறது, முப்பது மீட்டரில் பரவிப் போவதால் கையில் தொட்டாலும் தெரியாது. கேட்கிற பக்கமும் இதே கதைதான், வருகிற சிக்னலிலும் அதே பங்கு போய்விடும்.

அப்படியென்றால் மீட்டர் ஏன் நல்லதாகக் காட்டியது? மீட்டர் இருப்பது ரேடியோவின் பக்கத்தில். போகிற பவர் வழியில் குறைகிறது, அன்டெனாவில் பட்டுத் திரும்புகிற பவர் வரும் வழியில் இன்னொரு தடவை குறைகிறது, கடைசியில் மீட்டருக்குத் திரும்பி வருவது சொற்பம், அதனால் மீட்டர் "எல்லாம் சரி" என்கிறது. இருபது மீட்டர் ஆர்ஜி-58ஐ எடுத்து மறுமுனையில் ஒன்றுமே கொழுவாமல் 145 மெகாஹேர்ட்ஸில் அளந்தால்கூட ஏறக்குறைய 2.3தான் காட்டும். அன்டெனாவே இல்லை, ஆனால் 2.3! (செய்து பார்க்க ஆசையிருந்தால் மிகக் குறைந்த பவரில், ஒரு நொடிக்கு மட்டும்.) கேபிள் பழுதாகப் பழுதாக இந்த எண் இன்னும் அழகாகிக்கொண்டே போகும். கேபிளைச் சந்தேகித்தால் மறுமுனையில் 50 ஓம் டம்மி லோடை (அன்டெனாவுக்குப் பதிலாகப் பவரை வாங்கிக்கொள்கிற சுமை) கொழுவி, பவர் மீட்டரை முதலில் ரேடியோப் பக்கமும் பிறகு லோடுப் பக்கமும் வைத்து இரண்டு தடவை அளந்து பாருங்கள். அந்த இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசம்தான் கேபிளின் வண்டவாளம்.

அதனால் கேபிளின் பெயரைக் கேட்குமுன் நீளம். ஒரு நூலையோ நைலோன் கயிற்றையோ எடுத்து, அன்டெனாவில் கேபிள் தொடங்கப்போகிற இடத்தில் இருந்து, கேபிள் உண்மையில் போகப்போகிற வழியிலேயே, சுவரைச் சுற்றி, யன்னலால் உள்ளே வந்து, மேசை வரைக்கும் பிடித்துப் பாருங்கள். பிறகு அதை அளந்து, ஒன்றரை மீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். கண்ணால் பார்த்துப் பதினைந்து மீட்டர் என்று நான் சொன்ன வழி ஒரு தடவை இருபத்திரண்டாக வந்தது. நீளம் தெரிந்தபின் ரேடியோ வைக்கிற அறையை மாற்ற முடியுமா என்றும் யோசியுங்கள், எந்த விலையுயர்ந்த கேபிளையும் விடப் பத்து மீட்டர் குறைந்த கேபிள் மேல்.

அடுத்தது அலைவரிசை. இங்கேதான் பலர் தேவையில்லாமல் காசைக் கொட்டுகிறார்கள், அல்லது கொட்ட வேண்டிய இடத்தில் மிச்சம் பிடிக்கிறார்கள்.

7 மெகாஹேர்ட்ஸுக்கு, இரண்டு தென்னைக்கு நடுவில் இருபது மீட்டர் வயரை இழுத்து டைபோல் (நடுவில் கேபிள் கொழுவுகிற வயர் அன்டெனா) கட்டப்போகிறீர்கள் என்றால் மெல்லிய ஆர்ஜி-58 தாராளமாகப் போதும். அந்த அலைவரிசையில் இருபது மீட்டருக்கு முக்கால் டெசிபெல் போல்தான் இழப்பு. அதே நீளத்துக்குத் தடித்த ஆர்ஜி-213 போட்டால் ஏறத்தாழ அதில் பாதி. ரேடியோவின் சிக்னல் மீட்டரில் ஒரு எஸ் புள்ளி என்பது 6 டெசிபெல், எனவே இந்த வித்தியாசத்தை மறுபக்கத்தில் இருப்பவர் காதால் பிடிக்க மாட்டார். நூறு வாட்டை மெல்லிய கேபிள் தாங்குமா என்று கேட்பார்கள், இந்த அலைவரிசையில் தாங்கும். டைபோலுக்கு மெல்லியதை நான் விரும்புவதற்கு இன்னொரு காரணம் பாரம். ஆர்ஜி-213 பத்து மீட்டர் ஒன்றரைக் கிலோ வரும், அதை டைபோலின் நடுவில் தொங்கவிட்டால் வயர் பருத்தித் துணி காயப்போட்ட கொடிபோல் தொய்ந்துவிடும். ஆர்ஜி-58 பத்து மீட்டர் அரைக் கிலோவும் இல்லை. கச்சான் காற்றுக்குத் தென்னை ஆடுகிற ஆட்டத்தில் அந்த ஒரு கிலோ வித்தியாசம்தான் வயர் அறுவதும் அறாததும்.

இரண்டு மீட்டர் பேண்டுக்கு, அதாவது 145 மெகாஹேர்ட்ஸ் பக்கம், வந்தால் கணக்குத் தலைகீழ். இருபது மீட்டர் ஓட்டத்துக்கு 50 வாட் போட்டால் ஆர்ஜி-58இல் 20 வாட், ஆர்ஜி-213இல் 33 வாட், இழப்புக் குறைந்த எல்எம்ஆர்-400 கேபிளில் 40 வாட் என்ற அளவில் மேலே போய்ச் சேரும். 5 வாட் கைப்பெட்டியை வெளி அன்டெனாவில் கொழுவுகிறவர்கள் கட்டாயம் இதைப் பார்க்க வேண்டும், மேலே 2 வாட்தான் போகிறது என்றால் அன்டெனாவுக்குக் குழாய் நட்டதே வீண். பத்து மீட்டருக்குள் முடியும் என்றால் இரண்டு மீட்டருக்கும் ஆர்ஜி-58ஐ மன்னிக்கலாம். அதற்கு மேல் ஆர்ஜி-213. எல்எம்ஆர்-400ஐ மட்டக்களப்பு டவுன் கடைகளில் நான் கண்டதில்லை, கொழும்பில் சொல்லித்தான் எடுக்க வேண்டும். அது தடிப்பில் ஆர்ஜி-213 அளவே, ஆனால் உள்ளே நுரை இன்சுலேஷனும் அலுமினியத் தாளும் இருப்பதால் மடக்கி மடக்கி விளையாட முடியாது. சுழலுகிற அன்டெனாவின் கழுத்துக்கு அது சரிவராது.

இனி டிவி கேபிள். எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கிற ஆர்ஜி-6 பற்றி "அது 75 ஓம், ரேடியோ 50 ஓம், தொடவே கூடாது" என்று சிலர் பயமுறுத்துவார்கள். (இந்த ஓம் இம்பீடன்ஸின் அளவு, ரேடியோவும் கேபிளும் அன்டெனாவும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று பார்க்கிற எண்.) எனக்கு அந்தப் பயம் இல்லை. 75க்கும் 50க்கும் இடையிலான பொருத்தமின்மை எஸ்.டபிள்யூ.ஆரில் 1.5. அதில் திரும்பி வருவது நூற்றில் 4 பங்குதான், இன்றைய ரேடியோ எதுவும் அதற்காக முகம் சுளிக்காது. உயரத்தில் கட்டிய டைபோலோ தானே 70 ஓமுக்குக் கிட்டத்தான் நிற்கிறது. இழப்பைப் பார்த்தால், 145 மெகாஹேர்ட்ஸில் நல்ல ஆர்ஜி-6 கேபிள் ஆர்ஜி-213க்குக் கிட்ட வந்துவிடும், விலையோ அதற்குப் பக்கத்திலும் இல்லை. 50 ஓம் அன்டெனாவாக இருந்தால் மட்டும் கேபிளின் நீளத்தை அரை அலைநீளத்தின் மடங்காக வெட்டுங்கள், அப்போது மறுமுனையில் இருப்பதே இந்த முனையிலும் தெரியும். 145 மெகாஹேர்ட்ஸில் நுரை இன்சுலேஷன் ஆர்ஜி-6க்கு அது ஏறக்குறைய 86 சென்டிமீட்டர். கொஞ்சம் நீளமாக விட்டு அளந்து அளந்து வெட்டிக்கொள்ளலாம். கஷ்டம் எங்கே என்றால், அதன் பின்னல் அலுமினியம், ஈயம் ஒட்டாது. டிவிக்காரர் போடுகிற எஃப் கனெக்டரைப் போட்டு, அங்கிருந்து அடாப்டர் வைத்துத்தான் ரேடியோவுக்கு வர வேண்டும். சிசிடிவி கேமராவுக்கு ஓடுகிற மெல்லிய ஆர்ஜி-59 இதற்குள் அடங்காது, விட்டுவிடுங்கள்.

ஏணி வயர் (இடைவெளி விட்டுப் பக்கம் பக்கமாக ஓடுகிற இரண்டு கம்பி) பற்றி ஒரு வரி. இழப்பில் அதை அடிக்க ஆளில்லை, ஆனால் டியூனர் (அன்டெனாவை ரேடியோவுக்குப் பொருத்தித் தருகிற பெட்டி) வேண்டும், தகரக் கூரைக்கும் இரும்புக்கும் தள்ளி ஓட வேண்டும், உப்பும் மழையும் படிந்தால் டியூனிங் ஓடிப்போகும். பெரிய வளவும் பொறுமையும் உள்ளவர்களுக்கு.

கடையில் பெயரை மட்டும் நம்பாதீர்கள். ஆர்ஜி-58 என்று அச்சடித்த எல்லாம் ஆர்ஜி-58 ஆகிவிடாது. ஒரு சாண் துண்டு வெட்டித் தரச் சொல்லுங்கள், அல்லது முனையைச் சீவிக் காட்டச் சொல்லுங்கள். மேல் உறையை உரித்ததும் பின்னல் கம்பி நெருக்கமாக, உள்ளே இருக்கிற வெள்ளை இன்சுலேஷன் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மூடியிருக்க வேண்டும். நல்ல கேபிளில் 95 சதவீதம் மூடியிருக்கும், மட்டமானதில் மீன் வலை மாதிரி இருக்கும். நடுக்கம்பியைப் பிளேட்டால் சுரண்டுங்கள், செம்பு போய் வெள்ளை தெரிந்தால் உள்ளே வேறு உலோகம். சின்னக் காந்தம் ஒன்றைச் சட்டைப்பையில் கொண்டுபோனால் இன்னும் சுகம். காந்தம் ஒட்டினால் செம்பு பூசிய உருக்கு, பல ஆர்ஜி-6 அப்படித்தான். 145க்கு அது பாதகமில்லை, ஏனென்றால் அந்த அலைவரிசையில் மின்னோட்டம் மேல்தோலில்தான் ஓடும். 3.5, 7 மெகாஹேர்ட்ஸுக்கு இறங்கினால் அந்த மெல்லிய பூச்சுப் போதாது, இழப்புக் கூடும். கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பார்க்கட்டும்.

எங்கள் பக்கத்துக்கு இழப்புக் கணக்கை விடப் பெரிய எதிரி உப்புக் காற்று. மட்டக்களப்புக் கல்லடியில் ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல், ஜீ.ஐ. குழாயே இரண்டு மாரியில் துரு கக்கும். என் முதல் டைபோலில் கேபிள் முனையைப் பிரித்து வயரில் ஒட்டிவிட்டு, மேலே ஒரு யோகட் கப்பைக் கவிழ்த்து இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டேன். நன்றாக வேலை செய்தது. மாரி முடிந்து இறக்கி முனையை வெட்டிப் பார்த்தால் பின்னல் கரிபோல் கறுத்துக் கிடந்தது. ஒரு அடி வெட்டினேன், கறுப்பு. இன்னொரு அடி, அப்பவும் கறுப்பு, நடுநடுவே பச்சைத் தூள் வேறு. செம்பு பளிச்சென்று தெரிய மூன்று மீட்டர் வெட்ட வேண்டி வந்தது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போலப் பின்னல் தண்ணீரை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது.

இப்போது நான் செய்வது: முனையில் எதையும் திறந்தபடி விடுவதில்லை. கேபிள் முனையில் போடுகிற பிஎல்-259 கனெக்டர் தண்ணீரைத் தடுக்காது, பார்க்கத்தான் கெட்டி. அதன் மேல் இழுத்துச் சுற்றினால் தானே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிற ரப்பர் டேப், அதற்கு மேல் சாதாரண டேப். சுற்றுவது கீழிருந்து மேலே. கிடுகு வேய்கிற மாதிரி மேல் சுற்று கீழ்ச் சுற்றின் மேல் படிய வேண்டும், மேலிருந்து சுற்றினால் ஒவ்வொரு மடிப்பும் மழைக்கு வாசல். சிலிக்கன் பூசுவதானால் வினாகிரி மணக்கிறதை வாங்க வேண்டாம், அந்த அமிலமே செம்பைத் தின்னும். மேல் உறை கறுப்பாக இருக்கட்டும், வெள்ளை டிவி கேபிள் வீட்டுக்குள் ஓட்டுவதற்கு, நம் வெயிலில் வெடித்துவிடும். யன்னலால் உள்ளே வருமுன் கேபிளைக் கீழே ஒரு தொங்கலாக இறக்கி மேலே ஏற்றுங்கள், வழிந்து வருகிற மழை அந்த அடியில் சொட்டிப்போகும், மேசைக்கு வராது.

டைபோலாக இருந்தால் அன்டெனாவுக்குக் கீழேயே கேபிளை ஒரு நாலு அங்குல பிவிசி குழாயில் பத்துப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றிவிடுங்கள், பின்னலின் வெளிப்பக்கமாக அலை வீட்டுக்குள் வருவது குறையும், பக்கத்து வீட்டு டிவியும் அமைதியாக இருக்கும். இடிமுழக்கக் காலத்தில், அதாவது சித்திரையை ஒட்டியும் ஐப்பசியை ஒட்டியும், வேலை முடிந்ததும் கேபிளைக் கழற்றி யன்னலுக்கு வெளியே போடுங்கள். ரேடியோவின் சுவிட்சை நிறுத்துவது மின்னலுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஒலிபரப்ப தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பது தெரிந்ததுதான், கேட்பதற்கு மட்டும் அன்டெனா கட்டுகிறவர்களுக்கும் மேலே சொன்ன கேபிள் கணக்கு அப்படியே பொருந்தும்.

அக்கரைப்பற்றுக் கூட்டாளி புதுக் கேபிள் வாங்கவில்லை. மேசையைக் குழாய்க்குக் கிட்ட இருக்கிற அறைக்கு மாற்றி, நூல் பிடித்துப் பார்த்தார், பதினொரு மீட்டர் வந்தது. அதே ஆர்ஜி-58ஐ அந்த அளவுக்கு வெட்டினார். இப்போது மேலே 30 வாட் போகிறது. வெட்டி எடுத்த பத்தொன்பது மீட்டர் அவருடைய 7 மெகாஹேர்ட்ஸ் டைபோலில், இரண்டு தென்னைக்கு நடுவில் தொங்குகிறது.