லினக்ஸில் மென்பொருளை எங்கே போடக்கூடாது

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடக்கும் கூடத்தில் எங்களிடம் ஏழு பழைய கணினிகள் உண்டு. எல்லாவற்றிலும் உபுண்டு என்ற லினக்ஸ் வகை. இந்நாட்டு வெல்காம் ஊரில் பிறந்த மார்க் ஷட்டில்வொர்த் 2004-இல் தொடங்கியது என்பதால் இங்கே அதன்மேல் தனிப் பிரியம். தமிழ்99 விசைப்பலகையில் ஒரே ஒரு விசையைப் பிள்ளைகளுக்கு வசதியாக மாற்ற நினைத்து, விசைப்பலகை அமைப்புகள் இருக்கும் /யூஎஸ்ஆர்/ஷேர்/எம்17என் கோப்புறைக்குள் இருந்த கோப்பையே திருத்திவிட்டேன். கொஞ்ச நாள் நன்றாக ஓடியது. அப்புறம் ஒரு அப்டேட். வகுப்பில் பிள்ளைகள் தட்டத் தட்டப் பழைய எழுத்தே வந்தது. ஏழு கணினியிலும் என் திருத்தம் போய்விட்டது.

காரணம் எளிது. /யூஎஸ்ஆர் (அதற்குள் இருக்கும் /யூஎஸ்ஆர்/லோக்கல் தவிர) பொதி நிர்வாகியின் இடம்; மென்பொருள் பொதிகளை நிறுவி, புதுப்பித்து, நீக்கும் நிரல் அது. தான் வைத்த ஒவ்வொரு கோப்புக்கும் அந்த நிரல் கணக்கு வைத்திருக்கிறது. புதிய பதிப்பு வந்தால் கேட்காமல் மாற்றிவிடும். /எட்சி-யில் உள்ள அமைப்புக் கோப்பு என்றால், நாம் திருத்தியிருந்தால், டெபியனும் (உபுண்டுவுக்கு அடிப்படையான லினக்ஸ் வகை) உபுண்டுவும் பொதுவாக நிறுத்திக் கேட்கும். /யூஎஸ்ஆரில் அந்தச் சலுகை கிடையாது.

இதைவிட மோசமானது, மூலநிரலிலிருந்து நாமே மென்பொருளைத் தொகுக்கும்போது பிரிஃபிக்ஸை, அதாவது அது போய் உட்காரும் இடத்தை, /யூஎஸ்ஆர் என்று மாற்றுவது. பெரும்பாலான மென்பொருள்கள் தாமாகவே /யூஎஸ்ஆர்/லோக்கலில்தான் போய் உட்காரும். நாம் சொந்தமாகத் தொகுப்பவற்றுக்கென்றே 1994-இல் தொடங்கிய கோப்புறை அடுக்குத் தரம் (எந்தக் கோப்பு எங்கே இருக்கவேண்டும் என்ற லினக்ஸ் விதித்தொகுப்பு) ஒதுக்கிய இடம் அது. அதை மாற்றினால் பொதியின் நூலகமும் (நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் நிரல்தொகுப்பு) உங்கள் நூலகமும் ஒன்றின்மேல் ஒன்று விழும். எது யாருடையது என்று பிரித்து அழிப்பது பெரும்பாடு. தயாராகக் கட்டி வரும் மென்பொருளுக்கு /ஆப்ட்-டில் தனிக் கோப்புறை போதும்.

பைத்தான் மொழியில் சூடோ போட்டு (நிர்வாகி அதிகாரத்துடன்) அதன் பொதிகளை நிறுவும் பிப்பை ஓட்டுவதும் இதே தவறுதான். டெபியன் 12 முதல் பிப்பே மறுக்கிறது. அந்த மறுப்பைத் தாண்டும் வழியைத் தேடாதீர்கள், அந்தப் பொதிகளுக்கென்று தனிக் கோப்புறையான வென்வ் ஒன்றை உருவாக்குங்கள்.

நிரல் எழுதுபவர்களுக்கு ஒன்று: ஓடும்போது மாறும் தரவை /யூஎஸ்ஆரில் எழுதாதீர்கள். /யூஎஸ்ஆரைப் படிக்க மட்டும் (எழுத முடியாதபடி) என்று பொருத்தியிருந்தால் நிரல் அங்கேயே நின்றுவிடும். தரவுக்கு /வார்/லிப், பதிவுகளுக்கு /வார்/லாக்.

சந்தேகமா? எந்தக் கோப்பு எந்தப் பொதியுடையது என்று சொல்லும் டிபிகேஜி கட்டளைக்குச் சிறுகோட்டுடன் பெரிய எஸ் கொடுத்து, கோப்பின் முழுப் பாதையையும் தட்டுங்கள். ஏதாவது பொதியின் பெயர் வந்தால் அந்தக் கோப்பைத் தொடவேண்டாம், நகலெடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் தமிழ்99 கோப்பின் நகல் இப்போது பயனரின் ஹோம் கோப்புறையில், புள்ளியில் தொடங்கும் எம்17என்.டி-க்குள் இருக்கிறது. அதற்குப் பிறகு வந்த அப்டேட் எதுவும் அதைத் தொடவில்லை.