படகுப் பலகையில் மேட்டுப்பாத்தி: நான் செய்த தவறு, நீங்கள் செய்ய வேண்டாம்

போன மாதம் ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளிப் பக்கம் ஒரு தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். கொல்லையில் புதிதாக நான்கு மேட்டுப்பாத்தி. ஆசையாகக் கூட்டிப்போய்க் காட்டினான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. எட்டு வருஷத்துக்கு முன் நான் செய்த அதே வேலை, அதே நீலப் பலகை. நிழலில் போடாதே, நெருக்கி நடாதே என்பதையெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

பழைய படகுப் பலகை

எங்கள் கரையில் பலகைக்குப் பஞ்சமில்லை. வல்லம் என்கிற மரப்படகை விட்டு ஃபைபர் படகுக்கு மாறுகிறவர்கள் உடைத்த பலகையை விறகு விலைக்குத் தருவார்கள். "அயினிப் பலகைண்ணே, இருபது வருஷம் கடல்ல கிடந்தும் அழுகல" என்று சொல்லித்தான் எனக்கும் தந்தார்கள். ஏன் அழுகவில்லை என்று நான் கேட்கவில்லை.

மரம் நல்ல மரம்தான். மேலே இருப்பதுதான் வினை. படகின் அடியில் கொட்டலசு (ஓடு போல ஒட்டி வளர்கிற கடல் உயிர்) ஒட்டாமல் இருக்க அடிக்கிற பெயிண்ட், தாமிர நஞ்சைத் தண்ணீரில் மெல்ல மெல்லக் கரையவிடுவதற்கென்றே செய்தது. தினமும் தண்ணீர் ஊற்றுகிற பாத்தியில் அது சும்மா இருக்குமா? பழைய சிவப்புப் பூச்சு என்றால் ஈயமும் இருக்கலாம். வீட்டுப் பெயிண்டிலேயே ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. நான் வாங்கிய பலகை அதற்கு ரொம்ப முந்தியது.

பலகை போனால் போகிறது. மண் போனதுதான் இன்னும் ஆறவில்லை. மூன்று டிராக்டர் கண்மாய் வண்டல், பத்து மூட்டை ஆட்டுப் புழுக்கை. ஒரு வருஷம் கீரை பறித்துச் சாப்பிட்டோம். ஒருநாள் என் மகள் மண்ணிலிருந்து நீலச் செதில்களைப் பொறுக்கிச் சொப்பில் போட்டுக்கொண்டிருந்தாள். அப்போதுதான் உறைத்தது.

மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். தாமிரம் கூடுதல், மற்றதெல்லாம் சரி என்று வந்தது. ஈயம்? அரசு தருகிற மண்வள அட்டையில் பார்க்கிற 12 விஷயங்களில் ஈயமே கிடையாது. அட்டையைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் இதைக் கவனிக்கவும். ஈயம் கத்தரி, வெண்டை போன்ற காய்களுக்குள் அதிகம் ஏறாது. கீரையிலும் கிழங்கிலும்தான் மண்ணோடு ஒட்டிக்கொண்டு வரும். நான் போட்டிருந்தது முழுக்கக் கீரை. கடைசியில் மண்ணை வாரி வேலியோரம் கொட்டினேன். அதில் இப்போது செம்பருத்தி நிற்கிறது.

"நான் பெயிண்ட்டைச் சுரண்டிட்டேன்ணே" என்றான் தம்பி. எங்கே வைத்துச் சுரண்டினாய் என்று கேட்டேன். பாத்திக்குள்ளேயே வைத்து! இனி அந்தப் பலகையை அடுப்பில் வைத்து எரிக்கவும் முடியாது, ஈயம் புகையோடு வரும்.

ஹாலோ பிளாக் அடுக்குங்கள். இல்லாவிட்டால் செங்கல். அழகு கம்மிதான்.

ரயில் தண்டவாளக் கட்டை

வெயிலில் தார் வாசம் வரும். அது கிரியோசோட், மரம் அழுகாமல் இருக்க ஏற்றுகிற நச்சு எண்ணெய். வேண்டாம்.

உடைந்த கல்நார் ஓடு

கல்நார் என்றால் ஆஸ்பெஸ்டாஸ், அதன் தூசி நுரையீரலுக்கு ஆபத்து. தொடாதீர்கள். அறுக்கவே அறுக்காதீர்கள்.

கடல் மணல், பவளக்கல்

மணலில் உப்பும் கிளிஞ்சல் சுண்ணாம்பும் இருக்கும். பவளக்கல்லை எடுத்தால் வனத்துறை வழக்குப் போடும்.

உயரம்

வீடியோவில் பார்த்துவிட்டு இடுப்பு உயரத்துக்குக் கட்டுகிறார்கள். அது நீர் தேங்குகிற களிமண் ஊருக்குச் சரி. நம் மணலில் ஊற்றிய தண்ணீர் நிற்காது, கச்சான் என்கிற மேல்காற்றில் உயரமான பாத்தி மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். ஓரடி போதும். அகலம் நான்கு அடிக்கு மேல் வேண்டாம், நடுவில் கை எட்டாது.

நார்க் கழிவும் உப்பும்

தென்னை நார்க் கழிவை மூட்டையிலிருந்து அப்படியே கொட்டக்கூடாது. அதில் உப்பு இருக்கும். நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தரம் ஊறவைத்துப் பிழிய வேண்டும். அந்த நல்ல தண்ணீருக்கு எங்கே போவது என்பீர்கள். அதனால்தான் நான் புரட்டாசிக்குள் பாத்தியை நிரப்பிவிட்டு, எதையும் நடாமல் ஐப்பசி மழைக்கு விட்டுவிடுகிறேன். இரண்டு மூன்று நல்ல மழை பெய்தால் உப்பு கீழே இறங்கிவிடும். அப்புறம் விதைப்பேன். கோடையில் போர்த் தண்ணீர் உவர்த்தால் கொத்தவரை தாங்கும், பீன்ஸ் தாங்காது. பீன்ஸை நான் கடையில்தான் வாங்குகிறேன்.